ஏறிய கியரிலேயே இறங்குக

இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம் பழைய டீசல் வண்டி. "இது கராஜ்காரருக்குரிய சங்கதியாயிற்றே, குடும்பப் பகுதியில் இதற்கென்ன வேலை?" என்று தாய்மார்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் ஊவா மாகாணத்திலே கெப் வண்டி என்பது சாரதி ஒருவருக்கு மட்டும் உரிய பொருளன்று. வெலிமடையில் விளைந்த உருளைக்கிழங்கையும் கோவாவையும் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டு சேர்ப்பது அது. பஸ் வராத நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்வதும் அது. நடு இரவில், மடுல்சீமைப் பக்கத்து லயம் ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டால், பதுளை வைத்தியசாலையை நோக்கிப் புறப்படுவதும் பெரும்பாலும் அயலில் உள்ள அத்தகைய வண்டியொன்றுதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையால் பதுளை மாவட்டத்துப் பாதைகள் பல மண்சரிவில் மூடுண்டு, மலைநாட்டுப் புகையிரதமும் நின்றுபோனபோது, ஓடக்கூடிய வண்டி ஒன்று ஊரிலே இருப்பதன் அருமையை எல்லோரும் உணர்ந்தார்கள். ஆகவே, வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் சுகம் வீட்டாரின் சுகத்தோடு பிணைந்தது. மாணவர்களும் இதைத் தாண்டிப் போகவேண்டாம். அவர்கள் பாடத்தில் படிக்கும் பௌதிகம் முழுவதும் இந்த வண்டிக்குள்ளே இருக்கிறது.

நம்மூர் வீதிகளில் ஏன் இத்தனை பழைய வண்டிகள்? காரணம் எளிது. 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கைக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். திறந்தபோதும் வரிச்சுமை சாதாரணக் குடும்பத்தால் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. ஆதலால் 1980ஆம், 1990ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் பிறந்த வண்டிகள் இன்றும் நம் மலைகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. டொயோட்டா ஹைலக்ஸ் முதன்முதலாக வெளிவந்தது 1968இல். அதே கம்பனியின் ‘எல்’ வகை டீசல் இயந்திரம் 1977இல் 2,188 கன சென்ரிமீற்றர் கொள்ளளவோடு தோன்றியது. பின்னர் வந்த ‘2எல்’ 2,446 கன சென்ரிமீற்றர் கொண்டது. கொம்பியூட்டர் எதுவுமின்றி, பல்லும் வில்லும் திருகாணியுமாகவே இயங்கும் இத்தகைய இயந்திரங்களை, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்தப் பாஸும் பழுது பார்க்கலாம். அவை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

தீப்பொறி இல்லாத இயந்திரம்

டீசல் என்பது முதலில் ஒரு மனிதருடைய பெயர். 1858இல் பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்த ருடோல்ஃப் டீசல் என்ற பொறியியலாளர், நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குவதைக் கண்டு மனம் பொறாது ஆராய்ச்சியில் இறங்கினார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத்திலே அவருடைய இயந்திரம் வெற்றிகரமாகப் பரீட்சிக்கப்பட்டது. எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்குக்கும் மேல் அது வேலையாக மாற்றிக் காட்டிற்று; அக்காலத்து நீராவி இயந்திரங்கள் அதனருகே நிற்க இயலவில்லை. 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியில் டீசல் கடலில் மறைந்துபோனார். அவர் கண்ட இயந்திரம் அப்போது மிகப் பெரியதாய், கப்பல்களுக்கும் ஆலைகளுக்குமே ஏற்றதாய் இருந்தது. 1927இல் ஜெர்மனியில் போஷ் கம்பனி எரிபொருள் பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கிய பிறகே அது லொறிக்குள்ளும் காருக்குள்ளும் பரவலாகப் புகுந்தது.

பெற்றோல் இயந்திரத்தில் தீமூட்டுவது பிளக்கின் தீப்பொறி. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. உள்ளே இழுக்கப்பட்ட காற்று, ஏறக்குறைய இருபத்திரண்டில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடிக்கும்போது அதன் அடிப்பக்கம் சுடுவதைப் பிள்ளைகள் அறிவார்கள். அதே நியதிப்படி சிலிண்டருக்குள் காற்று 500 பாகை சென்ரிகிரேட்டுக்கும் மேலே சூடாகிறது. அந்தச் சூட்டிலே டீசலை மிக மெல்லிய தூவலாக நொசில் தெளித்தவுடன் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே இந்த இயந்திரம் கேட்பவை மூன்று: சுத்தமான காற்று, சுத்தமான டீசல், கசியாத நெருக்கம். பழைய டீசல் வண்டிக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்று குறைந்ததால் வருபவையே.

இந்தப் பழைய வண்டிகளில் குளிர்ந்த இயந்திரத்துக்கு உதவியாக ஹீட்டர் பிளக் என்னும் சிறு சூடேற்றிகள் உண்டு. பண்டாரவளையிலும் தியத்தலாவையிலும் மார்கழிக் காலையில் வண்டி நெடுநேரம் இருமிவிட்டுப் புறப்படுமாயின், உடனே பற்றரியைக் குறைகூற வேண்டாம். நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பற்றரியின் நேர்முனையிலிருந்து சோதனை விளக்கொன்றின் வழியே ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அந்தப் பிளக்கினுள்ளே கம்பி அறாமல் இருக்கிறது. எரியாவிட்டால் அது செத்துப்போயிற்று. பத்து நிமிட வேலை இது. சரிவிலே வண்டியை நிறுத்தி, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம்மிடையே மிகுதி. அந்தப் பழக்கத்தில் பாதி, இரண்டு பிளக்குகளை மாற்றினால் மறைந்துவிடும்.

புகை சொல்லும் செய்தி

நாடி பார்க்கும் வைத்தியரைப்போல, அனுபவமுள்ள பாஸ் முதலில் சைலன்சரைப் பார்ப்பார். கரும்புகை என்றால் டீசல் மிகுந்து காற்றுக் குறைந்திருக்கிறது. காற்று பில்ட்டர் அடைத்திருக்கலாம், நொசில் தூவாமல் ஒழுகலாம். நீலப்புகை என்றால் என்ஜின் ஒயில் எரிகிறது. வெண்புகை காலையில் சற்று வந்து மறைந்தால் அச்சமில்லை. இயந்திரம் சூடான பிறகும் நின்று வந்தால், ஒன்று டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் புகுகிறது. பின்னது ஆபத்து.

மலைநாட்டாருக்கு இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அப்புத்தளை ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையோடு ஒப்பிட்டால் அங்கே காற்று எட்டில் ஒரு பங்கு அளவு அடர்த்தி குறைந்தது. கொழும்பிலே சரியாக எரிந்த அதே அளவு டீசல், அப்புத்தளையில் ஏற்றத்தில் கால் அழுத்தும்போது காற்றுப் போதாமல் கரும்புகையாகிறது. எனவே மலையேறும்போது கொஞ்சம் புகை காண்பது இயல்பு. வேதனை என்னவென்றால், "வண்டி இழுக்கவில்லை" என்று சொல்லி, பம்பில் உள்ள திருகாணியை முடுக்கி டீசலைக் கூட்டுவோர் பலர். காற்றே இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டுவதால் இழுவை சிறிதே கூடும். புகையும் சூடும் மிகவும் கூடும். அந்தச் சூட்டிலே சிலிண்டர் ஹெட் வெடித்தால் ஒரு போகத்து மரக்கறி வருமானம் போய்விடும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்குப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும் என்பதால், பரிசோதனைக்கு முதல்நாள் திருகாணியைக் குறைத்து மறுநாள் கூட்டும் தந்திரமும் நடக்கிறது. இது பரிசோதகரை ஏமாற்றுவதென்று நினைக்கிறார்கள். லயத்து வாசலில் விளையாடும் பிள்ளைகளே அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். செய்யவேண்டியது வேறு. காற்று பில்ட்டரை மாற்றுங்கள். நொசில்களைக் கழற்றி, சோதனை யந்திரம் உள்ள இடத்தில் அவற்றின் தூவலைப் பார்த்துத் திருத்துங்கள். இழந்த இழுவையில் பெரும்பகுதி திரும்பி வரும்.

உயரத்தில் நீர் கொதிக்கும் சூடும் குறையும் என்பது மாணவர்கள் படித்தது. அப்புத்தளையில் திறந்த பாத்திரத்தில் நீர் 95 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தன் வில்லினால் உள்ளே அழுத்தத்தை வைத்திருப்பதாலேயே நீர் கொதியாமல் நிற்கிறது. தேய்ந்த மூடி மலைநாட்டு வண்டிக்குப் பெருங்கேடு. இயந்திரத்தை அழிக்கும் பொருள்களுள் இத்தனை மலிவானது வேறில்லை. ஒன்றை மறவாதீர்கள்: சூடான இயந்திரத்தின் மூடியைத் திறக்கவே கூடாது. ஆறட்டும், பிறகு துணி வைத்துத் திறவுங்கள்.

தண்ணீரும் மண்ணெண்ணெயும்

டீசல் பம்பின் உள்ளே சுழலும் உறுப்புகளுக்கு இடைவெளி ஒரு தலைமயிரின் பருமனிலும் பல மடங்கு குறைந்தது. அந்த உறுப்புகளுக்கு மசகு போடுவதற்குத் தனி ஒயில் கிடையாது; ஓடும் டீசலே மசகு. இந்த ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

ஊவாவில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி வரும். பாதி வெறுமையான தாங்கிக்குள்ளே இரவுப் பனியில் ஈரம் துளித்து, டீசலுக்கு அடியில் தண்ணீராகத் தங்கும். அது பம்புக்குள் போனால் துருவும் தேய்மானமுமே மிச்சம். ஆகவே இரவில் தாங்கியை இயன்றவரை நிறைத்து வையுங்கள். டீசல் பில்ட்டரின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். மாதம் ஒருமுறை அதைத் தளர்த்தி, அடியில் உள்ளதைக் கண்ணாடிக் கிளாசில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கீழே, டீசல் மேலே என்று தெளிவாகப் பிரிந்து நிற்கும். இந்த வேலையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். பாடமும் ஆயிற்று, பராமரிப்பும் ஆயிற்று.

மண்ணெண்ணெய் விஷயம் கொஞ்சம் கசப்பானது. 2022ஆம் ஆண்டு நாட்டிலே டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஜூன் 26ஆந் திகதி ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபாயாயிற்று. அப்போது மண்ணெண்ணெய் 87 ரூபாய். இந்த வித்தியாசத்தைக் கண்டு, டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தவர்கள் உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் 340 ரூபாயாக உயர்ந்தது. அந்த ஆசையும் பெரும்பாலும் அடங்கியது. ஆனால் கலந்தபோது நடந்த தேய்மானம் அடங்கவில்லை. மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது, மசகுத்தன்மை குறைந்தது. அதைக் குடித்த பம்பு அன்றைக்கே நிற்காது. மாதங்கள் கழித்து, சூடான நிலையில் ஸ்டார்ட் எடுக்க மறுக்கும். அப்போது பம்பைத் திருத்தும் செலவு, மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கிவிடும். லயத்து விளக்குக்கும் அடுப்புக்கும் உரியதை வண்டிக்குக் கொடுத்தால் வீட்டுக்கும் குறை, வண்டிக்கும் கேடு.

அந்த நாட்களில் டீசல் முற்றாகத் தீர்ந்து வழியில் நின்ற வண்டிகளும் பல. பெற்றோல் வண்டிக்கு எண்ணெய் ஊற்றினால் போதும். டீசல் வண்டியிலோ குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும். அதை வெளியேற்றாமல் இயந்திரம் உயிர் பெறாது. முதலில் தாங்கியில் டீசல் ஊற்றுங்கள். பில்ட்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். பின்பு நொசில்களுக்குச் செல்லும் குழாய்களின் தலைநட்டுகளைச் சற்றே தளர்த்தி, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்ற, டீசல் கசிந்து வந்தவுடன் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். எச்சரிக்கை ஒன்று: நொசில் தூவும் இடத்துக்கு முன்னால் விரலை நீட்டாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே ஊசிமுனைக் காயம்போலத் தோன்றினாலும் அது உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய காயம்.

இறக்கம்

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ஊவா வீதிகளில் ஒருநாளைக்கு எத்தனையோ தடவை நிகழக்கூடிய உரையாடல் இது.

"மாமா, ஏன் நியூட்ரலுக்குப் போட்டீர்கள்?"

"இறக்கந்தானே மருமகனே, வண்டி தானாகவே ஓடும். டீசல் மிச்சம்."

மாமா பல ஆண்டு அனுபவசாலி. மருமகனோ உயர்தர வகுப்பு மாணவன். மரியாதை கருதி மருமகன் மௌனமாகிவிடுகிறான். ஆனால் மாமா சொன்னது இரண்டு வகையிலும் பிழை. அதனால் டீசலும் மிச்சமாவதில்லை, உயிருக்கும் உத்தரவாதமில்லை.

முதலில் டீசல் கணக்கைப் பார்ப்போம். வண்டியைக் கியரில் விட்டு, எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. இயந்திரம் தன் ஓய்வு வேகத்துக்கு மேலே சுழல்வதைப் பம்பினுள் இருக்கும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி உணர்ந்து, டீசலை அடியோடு நிறுத்திவிடுகிறது. அந்த இறக்கம் முழுவதும் செலவு ஏறக்குறைய பூச்சியம். நியூட்ரலில் விட்டாலோ, இயந்திரம் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால் டீசலை எரித்துக்கொண்டே இருக்கும். ஆக, மிச்சம் பிடிக்க நினைத்தவரே செலவழிக்கிறார். இதைக் கேட்டுச் சிலர் இயந்திரத்தையே நிறுத்திவிட்டு உருட்டுகிறார்கள். அதன் கேட்டைப் பிறகு சொல்லுகிறேன்.

இரண்டாவது, வெப்பக் கணக்கு. எல்ல ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் உள்ளது. வெல்லவாய ஏறக்குறைய 200 மீற்றர். இடையில் உள்ள பாதை 30 கிலோமீற்றருக்கும் குறைவு. சுமையோடு 2,500 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கெப் அந்த 800 மீற்றரையும் இறங்கும்போது எவ்வளவு சக்தியை வெளிவிடுகிறது? மாணவர்கள் பென்சிலை எடுக்கலாம். 2,500ஐ 9.8ஆல் பெருக்கி, அதை 800ஆல் பெருக்கினால் 19,600,000 யூல். ஒரு லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 335,000 யூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால், அந்த ஓர் இறக்கத்தின் சக்தி 58 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கலியாண வீட்டுக் கிடாரம் ஒன்றை நினைத்துப் பாருங்கள்! அவ்வளவு வெப்பமும் எங்காவது போயாக வேண்டும். கியரில் இறங்கினால் இயந்திரம் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியேற்றும். எதிர்க்காற்றும் டயர்களும் ஒரு பங்கைத் தாங்கும். நியூட்ரலில் இறங்கினால் இயந்திரத்தின் பங்கும் சேர்ந்து நான்கு பிரேக்குகளின் தலையிலே விழுகிறது.

சூடேறிய பிரேக்குக்கு என்ன நேரும்? டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும். லைனரின் முகம் கருகி வழுக்கும். இவற்றைவிடக் கொடியது பிரேக் ஒயில் கொதிப்பது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்ற வகை புதிதாய் இருக்கும்போது 205 பாகைவரை கொதியாது. ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதிக்கலாம். ஒயில் கொதித்து ஆவியானால், மிதிபலகையின் அழுத்தம் அந்த ஆவியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். சக்கரத்துக்கு எதுவும் எட்டாது. மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. ஊவாவின் பனியிலும் மழையிலும் ஈரம் ஏறுவது மிக எளிது. எனவே, கசிவு இல்லாவிட்டாலும், அளவு குறையாவிட்டாலும், இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஒயிலை முற்றாக மாற்றுவது இன்றியமையாதது.

இயந்திரத்தை நிறுத்தி உருட்டுவதன் கேடு இதுதான். பெற்றோல் இயந்திரம் காற்றை இழுக்கும் வழியிலே வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடமே பிரேக் பூஸ்டருக்குத் துணை. இப்பழைய டீசல் இயந்திரத்தின் காற்று வழியில் அத்தகைய தடுப்பு இல்லை. ஆதலால் போதிய வெற்றிடமும் இல்லை. அதற்கெனத் தனியாக ஒரு வேக்குவம் பம்பு வைத்திருக்கிறார்கள். பல ஜப்பானிய வண்டிகளில் அது டைனமோவின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். இயந்திரம் நின்றால் அந்தப் பம்பும் நின்றது. இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு பூஸ்டரில் மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்துவிடும். பின்பு சாதாரண மனிதனின் கால்பலத்தால் வண்டியை நிறுத்துதல் மிகக் கடினம். டைனமோவைச் சுழற்றும் பெல்ட் அறுந்தாலும் இதே கதிதான். அந்தப் பெல்ட்டை வாரத்துக்கொரு முறை விரலால் அழுத்தி, வெடிப்பு உண்டோ என்று பாருங்கள். மாற்றுப் பெல்ட் ஒன்றை ஆசனத்தின் கீழ் வைத்திருங்கள்.

2025 செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியிலே சுற்றுலா சென்று திரும்பிய பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். அந்த விபத்துக்குக் காரணம் கூறுவது இப்பகுதியின் வேலையன்று. அந்தப் பாதையின் இயல்பை நாடு முழுவதும் அறிந்த இரவு அது என்பதற்காகவே இங்கே நினைவூட்டுகிறோம். இறக்கத்தில் பழைய தலைமுறைச் சாரதிமார் கைக்கொண்ட விதி ஒன்றே: ஏறிய கியரிலேயே இறங்கு. எல்லவுக்கு இரண்டாம் கியரில் ஏறிய வளைவில் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். இறக்கம் தொடங்கு முன்னரே கியரைக் குறையுங்கள். வேகம் பிடித்த பிறகு குறைக்க முயன்றால் கியர் விழாமலும் போகலாம், விழுந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சுழன்று உடையவும் கூடும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்து ஆறவிடுங்கள். கருகல் வாடை வந்தால் கூச்சப்படாமல் ஓரத்தில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அரைமணி நேரம் ஆறட்டும். பின்னால் வருபவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இரண்டு உண்டு. இயந்திரத்தை நிறுத்தி, பிரேக் மிதியை ஐந்தாறு தடவை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சிறிது தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. தாழாவிட்டால் வேக்குவம் பம்பையோ, அதன் குழாயையோ, பூஸ்டரையோ சோதிக்க வேண்டும். அடுத்து, மிதியை அழுத்தியபடி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு இருக்கிறது; அன்றைக்கு அந்த வண்டி இறக்கத்தில் இறங்கக்கூடாது.

ஒரு கொப்பியும் ஒரு பழக்கமும்

பழைய இயந்திரத்தை நெடுங்காலம் வாழவைக்க முடியுமா என்று ஐயுறுவோர் நம்முடைய புகையிரதப் பாதையை நோக்குக. பதுளைக்கு முதற் புகையிரதம் வந்தது 1924இல். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவிலிருந்து 1954இல் வரத்தொடங்கிய டீசல் எஞ்சின்கள், அல்பேர்ட்டா, ஒன்ராறியோ போன்ற கனடிய மாகாணப் பெயர்களைச் சூடிக்கொண்டு, அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் சேவையில் இருந்தன. அவற்றைக் காத்தது மந்திரமன்று. ஓடிய தூரம், மாற்றிய உறுப்பு, பார்த்த தேதி ஆகிய எல்லாவற்றையும் எழுதிவைத்து, பழுதாகுமுன் பார்த்த ஒழுங்குமுறையே காத்தது.

அதே ஒழுங்கை ஒரு குடும்பமும் கைக்கொள்ளலாம். ஒரு கொப்பி வாங்கி வண்டியின் பெயரை எழுதுங்கள். பழைய வண்டிகளில் கிலோமீற்றர் மானி நின்றுபோயிருப்பது சகஜம். அப்படியானால் தேதியும் ஊற்றிய டீசலின் அளவுமே கணக்குக்குப் போதும். என்ஜின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பில்ட்டரோடு மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள இயந்திரமானால் அதை மறக்கவே கூடாது. டொயோட்டாவின் எல் வகை இயந்திரங்களுக்கு அதன் ஆயுள் 100,000 கிலோமீற்றர். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனோடு மோதி ஒரு கணத்தில் இயந்திரத்தை நாசமாக்கிவிடும். பழைய வண்டியை வாங்கியவர், முன்னைய சொந்தக்காரரின் வாய்மொழியை நம்பாது, முதலில் அந்தப் பெல்ட்டை மாற்றி, கொப்பியின் முதற்பக்கத்தில் அதன் தேதியை எழுதிவிடுவது உத்தமம்.

கொப்பியை எழுதும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவனுக்கோ மாணவிக்கோ கொடுங்கள். மாணவிக்கு என்று வேண்டுமென்றே சொல்லுகிறேன். நள்ளிரவில் யாரையேனும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேரும்போது, பிரேக் ஒயில் எப்போது மாற்றியது என்ற கேள்விக்கு விடை தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் பெண்ணாயிருப்பதில் குறைவொன்றுமில்லை. மாமாவிடம் நியூட்ரலைப் பற்றிக் கேட்ட மருமகனும் இனி மௌனமாயிருக்க வேண்டியதில்லை. 58 லீற்றர் நீரின் கணக்கைக் கடதாசியில் போட்டு, மரியாதையோடு அவர் கையில் கொடுக்கட்டும். பல்லாண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பிழைத்தவருக்கு அந்தக் கணக்கின் பொருள் உடனே விளங்கும்.

ஆடி, ஆவணியில் ஊவாவின் வறண்ட காற்று வீசத் தொடங்கும்போது, இம்மலைகளின் தேயிலைக்கு உலகம் விரும்பும் தனி மணம் ஏறும். அந்த மாதங்களில் கொழுந்து லொறி வழியில் நின்றால், சாக்குக்குள்ளேயே கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும். தோட்டத்து லொறி வைத்திருப்போரும் கெப் வைத்திருப்போரும் அதற்கு முன்னரே, வைகாசி விடுமுறை நாளொன்றில், மேற்சொன்ன சோதனைகளைச் செய்து முடித்துவிடுவார்களாக.

அடுத்த வாரம், மழைக்காலத்தில் பற்றரி ஏன் படுத்துவிடுகிறது என்பதையும், அதைப் பேணும் முறையையும் பார்ப்போம்.